சந்திரிகாவின் வலது காது

சந்திரிகாவின் கணவன் தங்கராஜ் ஓமானுக்கு வேலைக்குக் கிளம்பியது 2024ஆம் ஆண்டு பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு வாகட் பாலத்தடியில் ஏஜென்ட் அனுப்பிய வண்டி வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே நான்கு வெல்டர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜின் பெட்டி டிக்கியில் அடங்கவில்லை; மேலே கேரியரில் தூக்கிப் போட்டுக் கயிறு கட்டினார் டிரைவர். கட்டிய விதம் சந்திரிகாவுக்குப் பிடிக்கவில்லை. அவரை விலக்கிவிட்டு முடிச்சை அவிழ்த்துத் தானே மறுபடி போட்டாள். உள்ளே இருந்த ஒருவன், அண்ணி எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டான். கிரேன் ஓட்டுகிறாள் என்றான் தங்கராஜ். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வண்டி மும்பைப் பக்கம் போயிற்று.

அவள் வீடு திரும்பியபோது மணி ஒன்றரை. தளேகாவ் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், மூன்றாவது மாடியில் இரண்டு அறை. காலை அவசரத்தில் போட்டது போட்டபடி கிடந்தது. எதையும் எடுத்து வைக்கத் தோன்றாமல் கட்டிலில் விழுந்தாள். கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்துவிட்டு வலப்பக்கம் புரண்டாள்.

அறை கிளம்பியது.

பிறகு டாக்டரிடமும் அவள் அப்படித்தான் சொன்னாள். ராட்டினம் கிளம்புகிற மாதிரி அறை கிளம்பியது. பீரோ, ஜன்னல், காலண்டர், மறுபடி பீரோ, ஜன்னல், காலண்டர் என்று வரிசை மாறாமல் ஓடியது. பூகம்பம் என்றுதான் முதலில் நினைத்தாள். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். கீழே யாரும் கத்தவில்லை. எதிர் வீட்டில் ஜமீலாவின் தையல் மிஷின் சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஆடுவது கட்டடம் இல்லை. அது புரிந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது.

அரை நிமிடம் இருக்கும். அறை நின்றது. தவழ்ந்து போய்ப் பாத்ரூமில் வாந்தி எடுத்தாள். காலையில் சாப்பிடவில்லை, அழுகையை வேறு அடக்கிக்கொண்டிருந்தோம், அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் விடியற்காலை எழுந்து உட்கார்ந்தபோது அறை மறுபடி கிளம்பியது. அன்று அவளுக்கு முதல் ஷிஃப்ட்.

வேறு யாராவது என்றால் இதை அன்றே பத்து பேரிடம் சொல்லியிருப்பார்கள். சந்திரிகா சொல்லாததற்குக் காரணம் உண்டு. அவள் வேலை செய்த கம்பெனி, லாரிகளுக்கான இரும்பு பாகங்களை அடித்து உருவாக்குவது. பழுத்த இரும்பை அமுக்கி வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சுக்கு அங்கே டை என்று பெயர். ஒவ்வொன்றும் மூன்று டன், நான்கு டன் இருக்கும்; பெரியது ஆறு டன்கூட. அவற்றைத் தூக்கி வைக்க ஷெட்டின் கூரையோரம் தண்டவாளத்தில் கிரேன் ஓடும். கிரேனுக்கு அடியில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுதான் கேபின். தரையிலிருந்து நாற்பதடி. பேக்கிங்கில் ஒன்பது வருஷம் அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த சந்திரிகா, பெண்களுக்குக் கிரேன் பயிற்சி கொடுக்கப்போவதாகக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டிய அன்றே பெயர் கொடுத்தாள். கொடுத்தது அவள் ஒருத்திதான். பயிற்சி முடிந்து கேபினில் ஏறிய முதல் வாரம் கீழே சிக்னல் காட்ட ஆள் வரவில்லை. மேலே பொம்பளை, கீழே நாங்களா என்று வெற்றிலையை மென்றபடி நின்றார்கள்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆபரேட்டருக்குக் கீழே நிற்பது என்பதைச் சிக்னல்காரனே முடிவு செய்வான். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் நான்கு டன் இரும்பு தலைக்கு மேல் போகிறபோது, நம்பாத ஆளுக்குக் கீழே நில் என்று எந்த அதிகாரியும் அங்கே சொன்னதில்லை. ஆறாவது நாள் ஹரிபிரசாத் வந்து நின்றான். தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்த வேலூர்க் குடும்பத்துப் பிள்ளை. தமிழில் பாதி இந்தியாக இருக்கும். அவளைவிட ஐந்து வயது இளையவன். ஷெட்டில் எல்லோரையும் போல அவனும் அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவான்; மராட்டியில் அக்கா என்று அர்த்தம். "என் கையை மட்டும் பாருங்க தாயி. கை போற பக்கம் லோடு போகணும். வேற எதையும் யோசிக்காதீங்க," என்றான் அன்று.

ஐந்து வருஷமாக அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஷெட்டில் இடது வலது என்ற பேச்சே கிடையாது. எதிரே நிற்பவனுடைய இடது மேலே இருப்பவளுக்கு வலது. சொல்லிக்கொண்டிருந்தால் யாராவது சாவார்கள். அவன் கை கதவுப் பக்கம் நீண்டால் லோடு கதவுப் பக்கம். அவ்வளவுதான். அது மூளைக்குப் போகாமல் கண்ணிலிருந்து நேராகக் கைக்குப் போய்விடும்.

தலைசுற்றல் என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால் அந்தக் கூண்டு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போனால் திரும்பாது. மறுபடி அட்டைப் பெட்டி. அதற்கும் மேலாக, பார்த்தியா, நாங்கள் அப்போதே சொன்னோம் என்கிற அந்தச் சிரிப்பு. அதனால் மறைத்தாள்.

மறைப்பது என்று முடிவு செய்தபின் அதையும் ஒரு வேலையாக ஒழுங்காகச் செய்தாள். எதற்கெல்லாம் சுற்றுகிறது என்று முதல் வாரத்திலேயே கணக்குப் பிடித்துவிட்டாள்: படுக்கும்போது, எழும்போது, வலப்பக்கம் புரளும்போது, பரணை அண்ணாந்து பார்க்கும்போது, தலை குளிக்கக் குனியும்போது. மேல் அலமாரியில் இருந்த பருப்பு டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கினாள். இரண்டு தலையணை வைத்து இடப்பக்கமாகப் படுத்தாள். அலாரம் அடித்ததும் எழாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நூறு எண்ணிவிட்டுத்தான் கால் ஊன்றினாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளித்தாள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டினாள், ஷெட்டில் போடுகிற அதே முடிச்சுப் போட்டு. தங்கராஜ் ஓமானில் சோஹாரிலிருந்து வீடியோவில் கூப்பிடும்போது கயிறு தெரியாத பக்கமாக உட்கார்ந்துகொள்வாள். ஏன் மூஞ்சி வெளுத்திருக்கிறது என்று கேட்டால் உன்னை நினைத்துத்தான் என்பாள். அவன் குளிர்ந்துபோவான்.

மருந்துக் கடையில் தலைசுற்றலுக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சுற்றலை அமுக்கியது, கூடவே ஆளையும் அமுக்கியது. கேபினில் கண் செருகியது. இரண்டு நாளில் அதைக் குப்பையில் போட்டாள்.

மறைக்க முடியாமல் போனது ஜமீலாவிடம்தான். ஐம்பதைத் தாண்டிய, வாணியம்பாடிக்காரி. கணவர் இறந்தபின் தையல் மிஷினோடு தனியாக இருப்பவள். மார்ச் மாதம் ஒருநாள் காலை சந்திரிகா வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்தவள் சந்திரிகாவைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள்.

"புருஷன் போயி ஒரு மாசம் ஆவுது. காலங்காத்தால வாந்தி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்டி," என்றாள்.

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் மறுபடி சுற்றியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஜமீலா கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, இதில் மாட்டையே கட்டலாம் என்றாள். அப்புறம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக லோக்கல் ரயிலில் ஏற்றிப் பிம்ப்ரிக்குக் கூட்டிப்போனாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ராஜஸ்ரீ சின்ன வயதுக்காரர், பொறுமையாக இந்தியில் விளக்கினார். காதுக்குள் நுண்ணிய கற்கள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து உதிர்ந்து, நீர் நிரம்பிய சின்னக் குழாய் ஒன்றில் புகுந்துவிட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உடம்பே சுற்றுவதாக மூளைக்குத் தகவல் போகும். அவளை மேஜையில் உட்காரவைத்துத் தலையை வலப்பக்கம் திருப்பிச் சடாரென்று மல்லாத்தினார். அறை பறந்தது. அவளுடைய கண்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், வலது காதுதான் என்றார். அந்த நிலையிலேயே சற்று வைத்திருந்து, தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பி, அப்படியே உடம்பையும் இடப்பக்கம் ஒருக்களித்துத் தரையைப் பார்க்க வைத்து, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். வந்த வழியே கற்களை வெளியே உருட்டிவிடுகிற வித்தை. மறுபடி வரலாம், பலருக்கு வரும், அப்போது வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு வீடியோவைப் போனுக்கு அனுப்பினார். செய்யும்போது சுற்றும், பயப்பட வேண்டாம், கல் நகர்கிறது என்று அர்த்தம் என்றார். புதிதாக ஏதாவது சேர்ந்து வந்தால், பேச்சுக் குழறினாலோ கை கால் மரத்தாலோ, வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாக, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

"வீட்ல தான்," என்றாள் சந்திரிகா. ஜமீலா திரும்பிப் பார்த்தாள்.

பதினைந்து நாள் சொர்க்கமாக இருந்தது. அப்புறம் மறுபடி வந்தது. சந்திரிகா வீடியோவைப் போட்டாள். அதில் ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்தபடி, வலது காதுக்கான முறையைச் செய்து காட்டினாள். அவள் தலை திரும்புகிற பக்கம் சந்திரிகாவும் திருப்பினாள், படுத்தாள், எண்ணினாள், அடுத்த பக்கம் திருப்பினாள். இரண்டாவது நிலையில் அறை கிளம்பியது. நல்லது, கல் நகர்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஏப்ரல் முழுக்கச் செய்தாள், மே முழுக்கச் செய்தாள். ஒவ்வொரு முறையும் சுற்றியது, மறுநாளும் சுற்றியது. கற்கள் நிறைய இருக்கும்போல என்று நினைத்தாள்.

கேபினில் பிழைப்பு எப்படியோ ஓடியது. கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கக் கழுத்தைக் குனியாமல் இடுப்போடு சாய்ந்து பார்க்கப் பழகினாள். ஜூன் மாதம் கம்பெனியில் வருடாந்திர மருத்துவச் சோதனை நடந்தது. கண் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள், நேராக நடந்தாள். சக்கர், அதாவது தலைசுற்றல், வருமா என்று கேட்டார்கள். வராது என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை மூன்றாவது வாரம், விடாத மழை. ஷெட்டுக்குள் ஆவியும் புகையும் கலந்து கீழே ஆட்களின் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெரிய அழுத்தும் மிஷினில் டை மாற்ற வேண்டும். நான்கு டன். ஹரிபிரசாத் சங்கிலியை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் தூக்கினாள். டை அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. ஒரு கையால் வழிகாட்டும் கயிற்றைப் பிடித்தபடி மறுகையை நீட்டினான். அவள் லோடை நகர்த்தினாள். அவனுக்குப் பின்னால் பழைய டைகள் சுவர்போல் அடுக்கியிருந்தன. புகை மறைத்தது. கை தெரியவில்லை. கை தெரிய வேண்டுமே என்று யோசிக்காமல் வலப்பக்கம் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

கேபின் கிளம்பியது.

மஞ்சள் ஹெல்மெட் ஒன்று மூன்றாக ஓடியது. பிடித்துக்கொள்ள எதையாவது தேடிய கை லீவரைப் பிடித்தது. கிரேன் ஒரு குதி குதித்தது. அவள் கையை உதறி எடுத்தாள். எடுத்தால் தானாக நடுநிலைக்கு வந்து நிற்கிற லீவர் அது. பிரேக் பிடித்தது. ஆனால் நான்கு டன் உடனே நிற்காது. கிரேன் நின்றபின்னும் டை ஊஞ்சல்போல் முன்னால் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பொத்தானைத் தடவி அடித்தாள். ஹாரனை அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். உள்ளே எண்ணினாள். இது முப்பது எண்ணுவதற்குள் அடங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். முப்பது எண்ணுவதற்குள் கீழே என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

இருபத்தெட்டில் கண்ணைத் திறந்தாள். டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் பழைய டைகளின் சுவருக்கும் நடுவே ஒரு ஹெல்மெட் கிடந்தது. ஹெல்மெட் மட்டும். இரண்டடி தள்ளி, தரையில் உட்கார்ந்த வாக்கில், ஹரிபிரசாத் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஏணி வழியாக இறங்கி அவனிடம் வந்தாள். என்ன ஆச்சு தாயி என்றான். கண்ணில் தூசி என்றாள். அவன் அவள் கண்ணைப் பார்த்தான். பிறகு குனிந்து ஹெல்மெட்டை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, தண்ணி அடிச்சுக் கழுவுங்க என்றான்.

அன்று சாயங்காலம் ஜமீலா சாப்பாட்டோடு வந்தபோது சந்திரிகா கட்டிலில் உட்கார்ந்து போனைத் தலையணைமேல் நிறுத்திக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, இன்றைக்கு மூன்று முறை செய்யப்போகிறேன், பக்கத்தில் இரு என்றாள். ஜமீலா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வீடியோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நில்லு," என்றாள். "உனக்கு எந்தக் காது?"

"வலது."

"அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் திரும்புது?"

சந்திரிகா போனைப் பார்த்து, அந்தப் பெண் திரும்பிய பக்கம் கையைக் காட்டினாள். ஜன்னல் பக்கம்.

"அது உனக்கு இடதுடி. அவ எதிர்ல உக்காந்திருக்கா. அவ வலது, உன் இடது. ஜாக்கெட்டை எதிர்ல புடிச்சா கொக்கி வைக்கிற பக்கம் மாறிப் போவும், முப்பது வருஷமா இதுதான் எனக்குப் பொழப்பு. இத்தனை நாளா நல்ல காதுக்கா வைத்தியம் பாத்துட்டு இருந்தே?"

சந்திரிகா வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஹரியின் கை நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் தலை ஜன்னல் பக்கம் போனது, இவள் தலையும் ஜன்னல் பக்கம் போனது. இடதா வலதா என்று அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஐந்து வருஷமாக எந்தப் பழக்கம் கீழே நிற்பவர்களை உயிரோடு வைத்திருந்ததோ, அதுவே நான்கு மாதமாக அவளை ஏமாற்றியிருக்கிறது.

ஜமீலா போனைக் கவிழ்த்து வைத்தாள். வீடியோ வேண்டாம், நான் சொல்கிறேன் என்றாள். சந்திரிகாவின் வலது கையில் தன் அளவு டேப்பைச் சுற்றிவிட்டு, டேப் இருக்கிற பக்கம் திருப்பு என்றாள். திருப்பி, தலை சற்றே தாழும்படி படுத்தவுடன், முதல் நிலையிலேயே, இதுவரை வராத வேகத்தில் அறை பறந்தது. சந்திரிகா கட்டில் சட்டத்தைக் கட்டிக்கொண்டாள். ஜமீலா அவள் தலையைப் பிடித்தபடி சத்தமாக எண்ணினாள். மெல்ல மெல்லச் சுற்றல் களைத்து நின்றது. அடுத்த நிலை. அடுத்தது. எழுந்து உட்கார்ந்தபோது அறை அதனதன் இடத்தில் இருந்தது. மறுநாள் காலையும் ஒருமுறை செய்தாள், லேசாகச் சுற்றியது. மூன்றாம் நாள் காலை எண்ணாமலே எழுந்து நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றே வலப்பக்கம் புரண்டு பார்த்தாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய காலை. அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே இருந்தாள். சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. தூசி என்று சொன்னதை ஷெட் நம்பிவிட்டது. வாயை மூடிக்கொண்டு மேலே ஏறினால் போதும். ஆனால் மறுபடி வரலாம் என்று டாக்டர் சொன்னதும் காதில் இருந்தது. தரையில் கிடந்த ஹெல்மெட்டும் கண்ணில் இருந்தது. ஜமீலாவிடம் கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா, நான் தைக்கிறவ, என் கத்திரி யார் தலை மேலயும் தொங்கலை என்றாள் அவள்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சந்திரிகா ஷெட்டுக்குப் போகாமல் சேஃப்டி ஆபீசர் கல்யாணசுந்தரத்தின் அறைக்குப் போனாள். கோயம்புத்தூர்க்காரர், மென்மையாகப் பேசுபவர். அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"ஜூன்ல மெடிக்கல் நடந்துச்சுங்களேம்மா," என்றார்.

"நடந்துச்சு சார். இல்லேன்னு சொன்னேன்."

"இப்ப சரியாயிருச்சுங்கறீங்க. அப்புறம் எதுக்கு வந்து சொல்றீங்க?"

"திரும்ப வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எப்பன்னு தெரியாது. கீழ ஆள் நிக்குது சார்."

அவர் ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். மூன்று மாதம் கேபின் கிடையாது, அதன்பின் டாக்டர் சான்று, அதுவரை ஸ்டோரில் தரையில் நின்றபடி இயக்குகிற ஒரு டன் கிரேன் என்று முடிவாயிற்று. பொய் சொன்னதற்கு எழுத்தில் எச்சரிக்கை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

விஷயம் தெரிந்து ஹரிபிரசாத் சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் வீட்ல போயி பொண்டாட்டிகிட்ட பெருமையா சொன்னேன் தாயி. கண்ணுல தூசி விழுந்தும் தாயி லோடை நிறுத்திட்டாங்க, என்னைக் காப்பாத்திட்டாங்கன்னு."

அவன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"அஞ்சு மாசம். ரோஜ், தெனமும், என் தலை மேல தூக்கிட்டுப் போயிருக்கீங்க. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

பஸ் வந்தது. அவன் அதில் ஏறவில்லை. மழையில் நடந்து போனான்.

அன்றைக்கு வீடியோவில் தங்கராஜிடம் கயிற்றைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். வேலையை விட்டுவிடு என்றான். முடியாது என்றாள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, சுற்றினால் ஜமீலாக்காவை உடனே எழுப்பு என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் ராஜஸ்ரீ தன்னிடமும் பொய் சொன்னதற்காகத் திட்டினார். திட்டிவிட்டு மூன்று முறை வரவழைத்துச் சோதித்தார். அக்டோபர் கடைசியில், கேபினில் வேலை செய்யலாம், அறிகுறி வந்தால் உடனே இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கல்யாணசுந்தரம் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். டாக்டர் வந்து கீழே நிற்பாரா என்று கேட்டான் ஹரிபிரசாத். அவன் நிற்காத இடத்தில் மற்ற மூன்று சிக்னல்காரர்களும் நிற்கவில்லை. கல்யாணசுந்தரம் வற்புறுத்தவில்லை. சந்திரிகாவுக்கும் அவனைக் குறை சொல்ல வாயில்லை. காகிதம் அவர் மேஜையில் கிடந்தது; அவள் ஸ்டோரில் போல்ட் பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டிய மூன்றாம் நம்பர் கிரேனின் ஹாரன் கேட்கும்போதெல்லாம் கை தானாக லீவரைத் தேடும்.

டிசம்பரில் ஒரு விடியற்காலை, புரண்டு படுத்தபோது பீரோ நகர்ந்தது. அவள் அசையாமல் கிடந்தாள். ஸ்டோரில் ஒரு டன்தான், யார் தலைக்கு மேலும் போவதில்லை, சொல்லாமல் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. போனை எடுத்துக் கல்யாணசுந்தரத்துக்கு எழுதினாள்: இன்றைக்குச் சுற்றுகிறது, வேலைக்கு வரவில்லை. அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் யோசித்து அதையே ஹரிபிரசாத்துக்கும் அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. பதில் இல்லை. டேப்பை வலது கையில் சுற்றிக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்தாள். இரண்டு நாளில் அடங்கியது. நான்காவது நாள், சரியாகிவிட்டது, வருகிறேன் என்று இருவருக்கும் எழுதினாள்.

மார்ச்சில் ஒருமுறை மறுபடி வந்தது, லேசாக. மறுபடி இருவருக்கும் எழுதினாள். ஷெட்டில் அது பரவிவிட்டது. சந்திரிகா தாயி தன் தலைக்கு வானிலை அறிக்கை போடுகிறாள் என்று கேன்டீனில் கிண்டல் செய்தார்கள். அவளுக்கு முன்னாலேயே ஒருவன், இன்று மழை உண்டா தாயி என்று கேட்டான். இன்று வெயில்தான் என்றாள். மேஜைக் கோடியில் ஹரிபிரசாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை.

2025 ஜூன் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாகக் காயாத துணிகளை அறைக்குள் உலர்த்திக்கொண்டிருந்தாள் சந்திரிகா. ஐந்து மணி இருக்கும், போன் ஒலித்தது. ஹரிபிரசாத்துக்குத் தமிழ் எழுத வராது; ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தான். பதினொரு மாதத்தில் அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை. அவள் ஜன்னலோரம் போய் நின்று படித்தாள்.

"தாயி, நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மூணாம் நம்பர் கிரேன். ஆறு டன் டை மாத்தணும். கீழ நான் நிக்கிறேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். ஏணியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, இன்னைக்குத் தலை எப்படி இருக்குன்னு சொல்லிட்டு ஏறுங்க."